நான்கு விரல் வளைவு

மோன்ரிவால் மடம்
1272, சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு மூன்றாம் நாள்

அன்புள்ள அக்கா ரிஷில்தாவுக்குத் தம்பி கோஸெலின் எழுதுவது. ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருக்கட்டும். முழங்காலைத் தவிர இங்கே மற்றதெல்லாம் சுகம். போன குளிர்காலத்தில் இருமல் என்றாய். நின்றதா என்று நீ சொல்லவே இல்லை.

எங்கள் பண்டகசாலைச் சகோதரர் போன வாரம் காலமானார். வழக்கப்படி அவர் பெயர் எழுதிய மரணச் சுருளை மடம் மடமாகக் கொண்டுபோக, இந்தப் பக்கத்து மடங்களுக்கெல்லாம் சுருள் சுமக்கும் எவ்ரார்டு கிளம்புகிறான். உங்கள் மடம் அவன் வழியில் பதினொன்றாவது. இங்கே யாராவது இறந்தால்தான் உனக்கு நான் எழுத முடிகிறது. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, அவனுக்கு இல்லை. "சாவுச் சேதி கொண்டு வர்றவன வாசல்லயே நிக்க வைக்க முடியுமா சாமி? எந்த மடத்துக்குப் போனாலும் சூப்பும் பீரும் உண்டு" என்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது ஆண்டாக இங்கே நாட்காட்டிக் கணக்கு என் பொறுப்பு. வசந்தத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை வைத்துத்தான் ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்கா திருநாளைக் குறிக்கிறோம். அது மார்ச் இருபத்தொன்று, புனித பெனடிக்டின் திருநாள் என்று பழைய தந்தையர் எழுதி வைத்தார்கள். கோயிலின் தெற்குக் கதவில், தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதன் வழியே விழும் வெயில்பொட்டு சமநாளில் மட்டும் காலையிலிருந்து மாலைவரை நேர்கோட்டில் நகரும். மற்ற நாட்களில் அதன் பாதை வளையும். முப்பத்தோரு ஆண்டாகக் குறித்து வருகிறேன். அது நேராகப் போவது கிரகோரியார் திருநாளுக்கு மறுநாள், மார்ச் பதின்மூன்றில். பெனடிக்ட் திருநாளில் நன்றாகவே வளைகிறது. எட்டு நாள் பிசகு, அக்கா.

மடாதிபதி ஃபோல்மாரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "உம்ம கணக்கு சரியாவே இருக்கட்டும். பாஸ்காவே தப்புன்னா ஊர்க்காரன் என்ன கேப்பான்? அப்ப நான் நாப்பது நாள் பட்டினி கெடந்தது எந்தக் கணக்குல சாமிம்பான்" என்றார். பிறகு, "மொதல்ல தளம் சமமா இருக்கான்னு பாரும். கீழ எட்டு மடாதிபதிங்க படுத்திருக்காங்க. ஒவ்வொருத்தரும் நல்ல கனம்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். கல்லறைகளின் மேல் தளம் பதிந்திருந்தால் நேர்கோடும் வளையும். வேறொரு தளம் வேண்டும். உங்கள் மடம் பாறைமேல் நிற்கிறது. நீ பார்த்துச் சொல்வாயா?

தம்பி, கோஸெலின்


ரோஷ்னுவார் கன்னியர் மடம்
1272, திருவருகைக் காலம், இரண்டாம் வாரம்

தம்பிக்கு அக்காவின் ஆசீர். இருமல் நின்றது. குளிரில் விரல்கள் வீங்கிவிடுவதால் வாசல் காக்கும் ஹெட்விக் எனக்காக எழுதுகிறாள். அவள் எழுத்து கோழி கிளறினது போலிருக்கும், பொறுத்துக்கொள். (இதையும் எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். - ஹெட்விக்)

ஏழு வயதில் உன்னை மோன்ரிவால் வாசலில் ஒப்படைத்த நாள் நினைவிருக்கிறதா? எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள். நீ படிக்கட்டை எண்ணினாய். "பன்னெண்டுக்கா" என்றாய். பிறகு அப்பாவின் கையை உதறிவிட்டுக் கீழே இறங்கிப் போய் இன்னொரு தடவை எண்ணினாய். அப்போதும் பன்னிரண்டுதான். அதற்கப்புறம் அப்பாவை அடக்கம் செய்த அன்றுதான் உன்னைப் பார்த்தேன். உன் தலை நரைத்திருந்தது.

உன் வெயிலைப் பார்த்துச் சொல்கிறேன். வயதாகிவிட்டதென்று எனக்கு நோயாளிகள் அறையில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தெற்கு ஜன்னல் பலகையில் மரக்கணு ஒன்று விழுந்து ஓட்டையாகியிருக்கிறது. முஷ்டி அளவு இருக்கும். தரையிலிருந்து ஆறு அடி. தரை வெறும் பாறை, மேலே வைக்கோல்.

எங்கள் தலைவியிடம் கேட்டேன். "தவக்காலத்துல உள்ள பாக்கணும் ரிஷில்தா, சூரியனையில்ல" என்றார். "சரிங்கம்மா" என்றேன். சரி என்றுதான் சொன்னேன், செய்யமாட்டேன் என்று சொல்லவில்லையே.

அக்கா


மோன்ரிவால் மடம்
1273, மெழுகுதிரித் திருநாள்

அன்புள்ள அக்கா, நலம்தானே? உன் விரல் வீக்கத்துக்கு வாத்துக் கொழுப்பு தடவு. இங்கே இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒருவர் போய்விட்டார், அதனால் எவ்ரார்டு வருகிறான்.

முறையை எழுதுகிறேன். கிரகோரியார் திருநாளில் தொடங்கி பெனடிக்ட் திருநாள்வரை தினமும் செய். ஜெப மணி மூன்று முறை அடிக்குமே, காலையில், நடுப்பகலில், பிற்பகலில். ஒவ்வொரு மணிக்கும் வெயில்பொட்டு எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு கீறல் போடு. பிறகு காலைக் கீறலுக்கும் பிற்பகல் கீறலுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடி. நடுப்பகல் கீறல் நூலிலேயே விழுந்தால் அது சமநாள். விழாவிட்டால் எத்தனை விரல் விலகல் என்று பார். நூலின் மறுமுனையைப் பிடிக்க ஹெட்விக்கைக் கூப்பிட்டுக்கொள். நான் ஒரு கல்லில் கட்டிக்கொள்கிறேன். இங்கே யாரையும் கேட்கக் கூச்சம்.

ஓட்டை முஷ்டி அளவு என்றாயே, அது அதிகம். பெரிய ஓட்டையில் ஒளியின் ஓரம் மங்கும். தோல் துண்டு ஒட்டி நாணயம் அளவுக்குக் குறைத்துவிடு. கண்ணைக் கூர்மையாக வைத்துப் பார்.

அடுத்த ஆண்டு கூடவிருக்கும் திருச்சபைப் பேரவைக்காக எங்கள் ஆயர் விஷயங்களைத் திரட்டுகிறார். அவருடைய ஆலயக் குரு வெசலினுக்கு எழுதிக் கேட்டேன். "ஒரு சாட்சி சாட்சியாகாது. வேதம் இரண்டு கேட்கிறது" என்று பதில் போட்டார். இரண்டாம் சாட்சி நீதான். ஆனால் பதின்மூன்று என்ற விடையைச் சொல்லிவிட்டு உன்னிடம் கேள்வி கேட்டிருக்கிறேன். அது முறையல்ல. முடிந்தால் மறந்துவிடு.

தம்பி


ரோஷ்னுவார்
1273, பாஸ்காவுக்கு அடுத்த வாரம்

தம்பிக்கு ஆசீர். நலம். பாஸ்காவுக்கு முட்டை தின்றேன், செரித்தது.

பத்து நாளில் மேகம் நான்கு, வெயில் ஆறு. கிரகோரியார் திருநாளுக்கு மறுநாள் நடுப்பகல் கீறல் நூலிலேயே விழுந்தது. அதற்குப் பின் ஒவ்வொரு நாளும் விலகிக்கொண்டே போனது. பெனடிக்ட் திருநாளில் நான்கு விரல்.

தோல் ஒட்டவில்லை. என் ஓட்டை பெரிதாகவே இருக்கட்டும். ஏன் என்று கேட்காதே.

இதை எழுதி அனுப்பு. இன்னொரு தடவை எண்ணாதே.

அக்கா


மோன்ரிவால்
1273, ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள்

அன்புள்ள அக்கா, சுகமா? நான் சுகம். சுகம் என்பது போதாது. நான்கு நாளாக முழங்கால் வலிக்கவே இல்லை.

அனுப்பிவிட்டேன். பதினான்கு ஏடுகள். கடைசி ஏட்டில், "இரண்டாம் சாட்சி, ரோஷ்னுவார் மடத்துச் சகோதரி ரிஷில்தா, பாறைத் தளத்தில், தன் கண்ணால் கண்டது" என்று எழுதினேன். முத்திரை வைத்தபோது மடாதிபதி, "பேரவையில தூங்காம இருக்கறவர் ஒருத்தராவது படிப்பாரு. அனுப்பும்" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார் என்றுகூட நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. பெனடிக்ட் திருநாளில் உனக்கு நான்கு விரல், எனக்கு ஆறு. முப்பத்தோரு ஆண்டும் ஆறுதான். என் தளத்தின் பள்ளமாக இருக்கலாம். இருந்தும் தேதி ஒன்றுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இந்த அறுபத்து நான்கு ஆண்டில் நாம் இருவரும் சேர்ந்து செய்தது இது ஒன்றுதான். பதில் எழுது.

தம்பி


மோன்ரிவால்
1273, மாதாவின் விண்ணேற்புத் திருநாள்

அன்புள்ள அக்கா, நலமா? யாரும் இறக்கவில்லை, அதனால் சுருளும் இல்லை. ஒரு கம்பளி வியாபாரியிடம் கொடுத்தனுப்புகிறேன். நேர்மையானவர் போலத்தான் தெரிகிறார்.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வெசலின் குருவிடமிருந்தும் வரவில்லை. நான்கு, ஆறு என்று எழுதியதில் உனக்கு வருத்தமா? உன்னைக் குறை சொல்லவில்லை. இங்கே வாய் திறக்கத் தடையில்லாத வேளையிலும் என்னிடம் பேச யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. எனக்கும் அப்படித்தான். கணக்கைப் பற்றி ஒரு வரியாவது எழுது. இருமலைப் பற்றியும்.

தம்பி


ரோஷ்னுவார்
1273, புனித லூக்காஸ் திருநாள்

மதிப்புக்குரிய சகோதரர் கோஸெலின் அவர்களுக்கு, வாசல் காக்கும் ஹெட்விக் வணங்கி எழுதுவது. உங்கள் உடம்பை விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை.

இதைக் கொண்டுவரும் சுருளில் இருப்பது உங்கள் அக்காவின் பெயர். யாக்கோபு திருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல் மணிக்குப் போனார். இருமல்தான். அது நிற்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய எனக்கு வாய் வராது. ரிஷில்தாம்மாவுக்கு மூன்று ஆண்டாகக் கண் தெரியாது. இரண்டு கண்ணும். கைவீக்கம் என்றது பொய். உங்கள் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன். உங்களுக்குச் சொல்லவே கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

வெயிலைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல எழுதியபோது, "எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "எழுதுடி" என்றார். உங்கள் கடிதத்தில் பதின்மூன்று என்று இருந்தது, எங்கள் பதிலிலும் பதின்மூன்று என்று போனது. அந்தப் பத்து நாளும் நோயாளிகள் அறைத் தரையில் குப்புறக் கிடந்தார். கையை விரித்து, கன்னத்தைக் கல்லில் வைத்து. சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. பரிகாரம் செய்கிறார் என்று எல்லோரும் காலெடுத்து விலகி நடந்தோம். என்ன பாவத்துக்கு என்று, கடிதம் எழுதிய எனக்கு மட்டும் பிறகு புரிந்தது. தம்பிக்காகச் சொல்லப்போகும் பொய்க்கு முன்கூட்டியே அழுதிருக்கிறார். அவருக்காக ஜெபியுங்கள். கெட்டவர் இல்லை.

ஹெட்விக்


மோன்ரிவால்
1273, புனித மார்ட்டின் திருநாள்

சகோதரி ஹெட்விக் அவர்களுக்குச் சமாதானம். எழுதியதற்கு நன்றி.

இங்கே வரும் சுருள்களைப் பிரித்து, "எங்கள் மடமும் ஜெபிக்கும்" என்று அடியில் எழுதுவது என் வேலை. எவ்ரார்டு சுருளை நீட்டாமல் மார்போடு பிடித்துக்கொண்டு நின்றான். "உக்காருங்க சாமி" என்றான். "நின்னே எழுதுவேனே" என்றேன். "இன்னிக்கு உக்காருங்க." உட்கார்ந்தேன். எங்களுக்கு முன் பத்து மடங்கள் எழுதியிருந்தன. பதினொன்றாவதாக, எல்லாப் பெயருக்கும் எழுதும் அதே வாக்கியத்தை எழுதினேன். எவ்ரார்டு பீர் கேட்காமல் போனான்.

பிழை என்னுடையது. விடையைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டேன். பதின்மூன்று என் கடிதத்தில் இருந்தது. நான்கு விரல் அதில் இல்லை, அதை அவள் தானாக ஊகித்துச் சொல்லியிருக்கிறாள். அதனால்தான் ஆறுக்குப் பதில் நான்கு வந்திருக்கிறது. என் தனிமையைப் பார்க்கச் சகிக்காமல் எழுபத்தாறு வயதில் பொய் சொல்லி, அதற்காகக் குளிர்ந்த கல்லில் பத்து நாள் கிடந்தாள்.

"தன் கண்ணால் கண்டது" என்று நான் எழுதியது பேரவைக்குப் போகக் கூடாது. இரண்டாம் சாட்சியை நீக்கும்படி வெசலின் குருவுக்கு இன்று எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை. அவள் பெயருக்கு இழுக்கு வராது.

கோஸெலின்


ஆயர் இல்லம்
1274, மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பின்

சகோதரர் கோஸெலினுக்கு, வெசலின். சுகமாயிருப்பீர் என நம்புகிறேன்.

உமது ஏடுகளைப் படித்தேன். இதே பிசகைப் பற்றி வேறு இடங்களிலும் பேச்சு இருக்கிறது. ஆனால் இரண்டு தளம், இரண்டு சாட்சி என்று முறையாக என்னிடம் வந்தது உம்முடையது மட்டுமே. பேரவைக்குப் போகும் ஏட்டுக் கட்டில் முதலாவதாக வைத்திருந்தேன். உமது இரண்டாம் கடிதத்தால் எடுத்துவிட்டேன். தம் சாட்சியைத் தாமே மறுப்பவரின் முதல் சாட்சியை நான் எப்படி முன்வைப்பேன்? கட்டு முத்திரையிட்டுப் போய்விட்டது. ஏடுகள் இங்கே பத்திரமாக இருக்கும்.

வெசலின்


ரோஷ்னுவார்
1274, சாம்பல் புதனுக்கு மறுநாள்

சகோதரர் அவர்களுக்கு ஹெட்விக் அவசரமாக எழுதுவது. உடம்பு எப்படி என்று கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலத்துக்காக நோயாளிகள் அறையில் வைக்கோலை வாரினோம். அவர் கிடந்த இடத்தில் பாறையில் ஆணிக் கீறல்கள் இருக்கின்றன. ஆறு வரிசை. வரிசைக்கு மூன்று கீறல். வரிசையின் தலைப்பில் எத்தனையாவது நாள் என்று சின்னச் சின்னக் கோடுகள். வரிசை இல்லாத நாள் நான்கு. பழைய வாசல் ஏட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த நான்கு நாளும் மழை என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

கட்டில் காலில் ஒரு நூல் கட்டியிருந்தது. மறுமுனையில் ஆணி. என்னைக் கூப்பிடவே இல்லை அவர். தலைவிக்குத் தெரிந்துவிடும் என்று பயந்திருப்பார். அந்த நூலை நானே இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். இரண்டாம் நாள் வரிசையில் மூன்று கீறலும் நூலோடு ஒட்டுகின்றன. பத்தாம் நாள் வரிசையில் நடுக்கீறல் நான்கு விரல் தள்ளி இருக்கிறது.

சகோதரரே, அவர் பரிகாரம் செய்யவில்லை. மார்ச் மாதத்தில் அந்தக் கல் பனிக்கட்டி. வெயில்பொட்டு விழும் இடம் மட்டும்தான் சூடு. மணி அடிக்கும்போது அதன் ஓரத்தைக் கன்னத்தால் தேடியிருக்கிறார். ஓட்டையைச் சிறிதாக்க மறுத்தது அதனால்தான். ஜெபமாலை என்று நாங்கள் நினைத்தது கையிலிருந்த ஆணி.

கண் போனதை ஏன் உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "எனக்குக் கண்ணில்லன்னு தெரிஞ்சா அவன் தன் கண்ணையும் நம்ப மாட்டான்டி" என்றார். அப்போது சிரித்தேன்.

நான் எழுதியதைத் திருப்பி வாங்க வழி உண்டா?

ஹெட்விக்


மோன்ரிவால்
1274, பெனடிக்ட் திருநாளுக்கு மறுநாள்

சகோதரி ஹெட்விக் அவர்களுக்குச் சமாதானம். வழி இல்லை. கட்டு போய்விட்டது. ஆனால் பிழை உங்களுடையது அல்ல. நீங்கள் பார்த்ததை எழுதினீர்கள். கணக்கன் நான்தான், நான் கணக்குப் போடவில்லை.

என் ஓட்டை ஒன்பது அடி உயரம், வளைவு ஆறு விரல். அவள் ஓட்டை ஆறு அடி. உயரம் குறைந்தால் வளைவும் அதே விகிதத்தில் குறையும், நான்கு விரல்தான் வர வேண்டும். வேறு எந்த எண் வந்திருந்தாலும் பொய். அவள் சொன்ன அந்த நான்குதான், அவளும் சரி, நானும் சரி, என் தளமும் சரி என்பதற்கு அத்தாட்சி. ஆறு அடி என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாள். ஓர் ஆண்டாக அந்தக் கடிதம் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளை போடும் கணக்கு. வித்தியாசத்தைக் கண்டதும் முதலில் தளத்தைச் சந்தேகித்தேன், பிறகு அவளை. வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நேற்றுக் காலை கோயில் தளத்தில் குப்புறப் படுத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். கையில் ஆணி. காலை மணிக்குக் கன்னத்தை நகர்த்தினேன். முதலில் கல்லின் குளிர் மட்டும் தெரிந்தது. பிறகு மெல்லிய சூடு, அதற்கு ஒரு ஓரம். கீறினேன். சகோதரர்கள் வந்தார்கள், விலகி நடந்தார்கள். பரிகாரம் செய்பவனை யாரும் தொடக் கூடாது என்பது ஒழுங்கு. அதனால் நாள் முழுவதும் ஒருவரும் என்னை எழுப்பவில்லை. நடுப்பகலில் மட்டும் மடாதிபதியின் செருப்பு அருகில் வந்து நின்றது.

"என்ன பாவம் செஞ்சீரு கோஸெலின்?"

"அக்காவ நம்பல சாமி."

அவர் போய்விட்டார் என்று நினைத்தேன். பிற்பகல் கீறலும் போட்ட பிறகு கண்ணைத் திறந்து, நூலைக் கட்டக் கல் தேடினேன். மடாதிபதி அங்கேயே தூணோரம் உட்கார்ந்திருந்தார். முனகிக்கொண்டே முட்டி போட்டு, நூலின் மறுமுனையைக் கையில் வாங்கி, கீறலில் வைத்து அழுத்தினார். நான் அளந்தேன்.

"எத்தன?"

"ஆறு."

"உங்கக்காவுக்கு?"

"நாலு. அவ ஓட்டை ஆறு அடி."

அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். வகுத்துப் பார்க்கிறார். பிறகு நூலை மெதுவாகக் கீழே வைத்தார். "பேரவைக்கு இனிமே எட்டாது. எழுதி வையும். அடுத்த பேரவைன்னு ஒண்ணு வராமலா போகும்?" என்று சொல்லிவிட்டு மாலை ஜெபம் பாடப் போனார். அவருக்கு வயது அறுபத்தெட்டு. எனக்கு எழுபத்தொன்று.

எழுதி வைக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தத் தரையில் சுண்ணாம்பு பூசாதீர்கள். தலைவி கேட்டால் பரிகாரத்தின் அடையாளம் என்று சொல்லுங்கள், விட்டுவிடுவார்.

என் உடம்பைப் பற்றி இனி யாரும் கேட்கப் போவதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலிக்கிறது. இடது கன்னத்தில் கல்லின் குளிர் இன்னும் போகவில்லை. இன்று காலை வாசலுக்குப் போய்ப் படிக்கட்டை எண்ணினேன். பன்னிரண்டுதான். ஒரு தடவைதான் எண்ணினேன்.

கோஸெலின்